பாதியில் எழுந்து போனவர்

"என் புருஷன் என்னை ஸ்கேலைக் கீழே போடச் சொல்றார் மேடம்," என்றாள் வந்தவள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காணாமல் போன கிளி, மதில் மேல் ஏறி எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரன், இந்த மாதிரி வழக்குகள்தான் எங்கள் அலுவலகத்துக்கு வரும். ஸ்கேலைக் கீழே போடச் சொல்லும் புருஷன் புதுசு.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். லாண்டரிக்கு மேலே ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் இஸ்திரி வாசனை. பெரிய மேஜை அண்ணியுடையது. அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இந்தத் துப்பறியும் நிறுவனத்துக்கு முதலாளி, மூளை, கண் எல்லாமே அவர்தான். சின்ன மேஜைக்காரனான நான் காலும் வாயும். அண்ணன் பாங்கில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு அரைமணி தாமதமாக வந்தால்கூட என்ன பொய் சொல்வது என்று தெரியாமல் உண்மையைச் சொல்லிப் பழகிவிட்டார், பாவம்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் அண்ணி.

வந்தவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். புருஷன் ஆம்புலன்ஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. பிரசவ வலியோடு ஏறியவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்கள் என்று எத்தனையோ பேரை நேரத்துக்குக் கொண்டு சேர்த்த மனுஷன், திடீரென்று வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"ஏன்னு கேட்டா முதுகுவலிங்கறார். முதுகுவலிக்காரர் குனிஞ்சு கட்டிலுக்கடியில போன ஸ்கேலை எடுப்பாரா மேடம்?"

"அந்த ஸ்கேல் விஷயம் என்ன?"

"நான் மேல பிடிச்சுக்கணும். அவர் கீழ ரெண்டு விரலை விரிச்சு வெச்சுக்குவார். சொல்லாம கொள்ளாம நான் விடணும், அவர் பிடிக்கணும். பிடிச்சுடறார். ஆனா சந்தோஷமே இல்ல. இன்னொரு தரம்ங்கறார், இன்னொரு தரம்ங்கறார். எனக்குக் கை வலிக்குதுன்னா, சுவத்துல ஸ்கேலைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டுத் தனியா என்னமோ பண்றார்."

"எப்பலேர்ந்து இப்படி?"

"போன வாரம் ஒரு லீவு நாள். எங்கேயோ போயிட்டு வந்தார். எப்பவும் இடது கையில இருக்கற வாட்ச் வலது கையில இருந்துச்சு. இடது கையில ரெண்டு விரல் நுனியில மட்டும் வெள்ளையா ஏதோ காய்ஞ்சு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. கேக் க்ரீம்னு நினைச்சேன்." அண்ணி பக்கம் குனிந்தாள். "எவளோடயோ உக்காந்து கேக் சாப்ட்டுட்டு வந்திருக்கார்னு வயிறு எரிஞ்சு போச்சு. அவர் தூங்கினப்புறம் விரலை நக்கிப் பார்த்தேன். உப்பு."

"மோசமான பேக்கரி," என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் லாண்டரிக்காரர் இரண்டு சட்டையை இஸ்திரி போட்டிருக்கலாம்.

"இன்னிக்கு சாயந்தரம் ஷிப்ட் மாறறப்ப வண்டிச் சாவியைத் திருப்பிக் குடுக்கப் போறார் மேடம். குடுத்துட்டா அவ்வளவுதான். அந்த வண்டி இல்லேன்னா அவர் மனுஷனாவே இருக்க மாட்டார். அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அவள் படியிறங்கியதும் அண்ணி கைப்பையை எடுத்தார்.

"தம்பி, வண்டிய எடுங்க. வாட்சைக் கழட்டி ரெண்டு விரல்ல உப்புப் பசை தடவுவாங்கன்னா அது எதுக்கு?"

"தெரியலையே அண்ணி."

"பொய் கண்டுபிடிக்கிற மிஷினைப் பார்த்ததில்ல? விரல்ல ஒயர் மாட்டறப்ப அந்தப் பசையைத்தான் தடவுவாங்க. விரல் எப்ப வேர்க்குதுன்னு அது காட்டிக் குடுத்துடும்."

"அப்ப போலீஸ் கூப்பிட்டு விசாரிச்சிருக்கு!"

"போலீஸ் விசாரிச்சவன் வக்கீலைத் தேடுவான், ஸ்கேலைத் தேட மாட்டான். யாரோ அவர் கை எவ்வளவு வேகம்னு அளந்து, ஏதோ தப்பாச் சொல்லியிருக்காங்க. அதைப் பொய்யாக்கத்தான் மனுஷன் வீட்ல உயிரை விடறார்."

"ஆஸ்பத்திரியோ?"

"ஆஸ்பத்திரின்னா கையில ஒரு கத்தை பேப்பரைத் திணிச்சு அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பாங்க. மிஷினை மாட்டி, அளந்து, ஒரு துண்டுப் பேப்பர்கூடக் குடுக்காம அனுப்பற இடம் இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒண்ணே ஒண்ணு, பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை.

மூன்றாவது மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சு. எதிரே அடுத்தடுத்து இரண்டு கதவுகள். சுவரில் 'ஆய்வில் பங்கேற்க ஆர்வமுள்ளோர் வரவேற்கப்படுகிறார்கள்' என்று அறிவிப்பு. கீழே சிரித்த முகத்தோடு ஒரு மூளை வரைந்திருந்தார்கள். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேராக வந்த ஒரு தடியன், ஒரு டீச்சரம்மா, காதில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்.

கையில் கிளிப்போர்டோடு ஓர் இளம்பெண் முதல் கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள். முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்பவளாம். கிளிப்போர்டை மார்போடு அணைத்திருந்ததைப் பார்த்தால் தூங்கும்போதும் விடமாட்டாள் போலிருந்தது. அதனால் அவளுக்குக் கிளிப்போர்டு என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"இவர் ரொம்ப ஆர்வமா இருக்கார்," என்று அண்ணி என்னைக் காட்டினார்.

எனக்கு அப்படி ஓர் ஆர்வம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

தடியன் முதல் கதவுக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் தலை தொங்க வெளியே வந்தான். கிளிப்போர்டு தோளைத் தொடாத குறையாக அவனைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். டீச்சரம்மாவும் அப்படியே. கல்லூரிப் பெண்ணும் பாட்டைக்கூட நிறுத்திவிட்டு, தொங்கிய முகத்தோடு வெளியே வந்தாள். அண்ணி பெப்பர்மிண்ட்டை வாயில் அடக்கிக்கொண்டு வருவோர் போவோரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "உங்க முறை, போங்க தம்பி," என்றார், ஏதோ ஊசி போட அனுப்புகிற மாதிரி.

உள்ளே கிளிப்போர்டு என் வாட்சைக் கழற்றச் சொன்னாள். இரண்டு விரலில் பசை தடவி ஒயரைச் சுற்றினாள்.

"எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம் சார். ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். பச்சை லைட் வந்தா இந்தப் பட்டனை அமுக்குங்க."

அமுக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, மின்னல் மாதிரி அமுக்கினேன். கடைசி பச்சை அணைந்ததும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் இன்னொன்று.

"உங்ககிட்ட ஒளிச்சுப் பேச விரும்பல," என்றார். என்ன குரல் அது! "உங்க மூளைக்கும் கைக்கும் நடுவுல ஒரு தாமதம் இருக்கு. சாதாரண நாள்ல தெரியாது. ஒரு உயிர் உங்க கையில இருக்கற நாள்லதான் தெரியும்."

அண்ணன் மகளைத் தினமும் நான்தான் பள்ளிக்குக் காரில் கொண்டு விடுகிறேன். இனி அண்ணியிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டும், என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

பக்கத்து அறையில் ஜன்னல் திறந்திருந்தது. தட்டில் பிஸ்கட் இருந்தது. கிளிப்போர்டு ஈரத் துணியால் என் விரலில் இருந்த பசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், அங்க சொன்னது அத்தனையும் பொய். உங்க கைக்கு ஒண்ணும் இல்ல. நாங்க அளக்கவே இல்ல. அந்தப் பட்டனுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்ப அந்த டாக்டர்?"

"டாக்டர் இல்ல சார். டப்பிங் கலைஞர். கோட்டு போட்டவங்க கெட்ட செய்தி சொன்னா ஜனங்க எவ்வளவு தூரம் நம்பறாங்கன்னு பாக்கறதுதான் ஆய்வு. முன்கூட்டியே சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதனாலதான் பொய். ஆனா அடுத்த நிமிஷமே இங்க உக்கார வெச்சு உண்மையைச் சொல்லி, மனசு சமாதானம் ஆனப்புறம்தான் அனுப்புவோம். சொல்லாம யாரையுமே அனுப்ப மாட்டோம்."

எனக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இரண்டையும் சமாளிக்க நாலு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

"யாரையுமேவா?" என்று வாசலில் கேட்டது அண்ணியின் குரல். "போன வாரம் வந்த ஒருத்தர் விரலைத் துடைக்காமலே வீட்டுக்கு வந்திருக்காரே. இந்த ரூமுக்கு வந்திருந்தா நீங்க துடைச்சிருப்பீங்க."

கிளிப்போர்டு யோசித்தாள். "ஆமா, ஒருத்தர். நான் இங்க நாற்காலி எடுத்துப் போட வந்தேன். திரும்பிப் போறதுக்குள்ள ஒயரை அவரே கழட்டி அழகா மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டார்."

"கூப்பிட்டு உண்மையைச் சொன்னீங்களா?"

"ஐயோ, கூடாது மேடம்!" கிளிப்போர்டின் முகத்தில் பெருமைகூடத் தெரிந்தது. "நெறிமுறைக் குழுவோட விதி. பாதியில எழுந்து போறது அவங்க உரிமை. விலகினவங்களை நாங்க துரத்தக் கூடாது, போன் பண்ணக் கூடாது. பேர், விலாசம் எல்லாத்தையும் உடனே அழிச்சிடணும். அன்னிக்கே அழிச்சிட்டேன்."

"நல்ல விதிதான்," என்றார் அண்ணி. "கதவைப் பத்திரமாப் பூட்டியிருக்கீங்க. ஆள் உள்ள மாட்டியிருக்கறப்போ." கிளிப்போர்டுக்கு எதிரே உட்கார்ந்தார். "அம்மா, அவர் ஆம்புலன்ஸ் ஓட்டறவர்."

கிளிப்போர்டு பக்கத்து அறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் கை மெதுவா இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்கீங்க. அவர் வேலையை விடறார். இன்னிக்கு சாயந்தரம் சாவி குடுக்கறார்."

அந்தப் பெண் கெட்டவளில்லை. அவள் கண்கள் நிறைந்ததைப் பார்த்து நான் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "நான் வரக்கூடாது மேடம்," என்றாள் மெதுவாக. "விலகினவரை நானாத் தேடிப் போனேன்னு தெரிஞ்சா ஆய்வையே நிறுத்திடுவாங்க. ரெண்டு வருஷ உழைப்பு."

"அந்த விதியை யாருக்காகப் போட்டாங்க?"

"அவருக்காக."

"அப்ப அவர்தானே முக்கியம்? அவர் உங்களை விட்டுப் போயிட்டார்மா. உங்க பொய் அவரை விட்டுப் போகல."

அந்தப் பெண் கிளிப்போர்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். அது இல்லாமல் அவள் கைகளை என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. "குழுத் தலைவருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல," என்று டப்பிங்காரரைக் கூப்பிடப் போனாள்.

எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"அண்ணி, எல்லாம் பொய்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"பெஞ்சுல உக்காந்திருந்தப்பவே. தடியன், டீச்சரம்மா, அந்தப் பொண்ணு, மூணு பேரும் ஒரே மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாங்க. ஒருத்தருக்குக்கூடவா கை வேகமா இருக்காது?"

"அப்ப நான் உள்ள போறதுக்கு முன்னாடியே தெரியும்!"

அண்ணி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "ம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சம்மதம் கேட்டீங்களா? உள்ள நான் பட்ட பாடு!"

"தப்புதான் தம்பி. மன்னிச்சுக்கோங்க." அண்ணி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "ஆனா உங்களை நடிக்கச் சொன்னா சொதப்பிடுவீங்க. நிஜமாவே ஏமாந்த ஆள் ஒருத்தர் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"அவசியமே இல்லாமப் போனா ரொம்ப சந்தோஷம். வாங்க."

ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகையில் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். டிரைவர் தன் வண்டியின் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, நாங்கள் வருகிற திசையையே பார்த்தபடி. மேஜையில் ஷிப்ட் பொறுப்பாளர், சாவியை வாங்க மனமில்லாமல் எதையோ எழுதுவது போல் பாசாங்கு பண்ணிக்கொண்டிருந்தார்.

கிளிப்போர்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. டப்பிங்காரர் கைகூப்பி, "சார், நான் படத்துல ரெண்டாவது டாக்டருக்குக் குரல் குடுக்கறவன். எனக்குக் காய்ச்சல் வந்தாலே என்ன மாத்திரைன்னு தெரியாது," என்றார்.

டிரைவர் முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நல்லவங்க நீங்க எல்லாரும்," என்றார். "இவதானே ஏற்பாடு பண்ணினா?" என்று மனைவியைப் பார்த்தார். "என்னைத் தேத்தறதுக்கு ஆள் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கே. அன்னிக்கு அந்த டாக்டர் முகத்தை நான் பார்த்தேன்மா. அது பொய் சொல்ற முகம் இல்ல. இப்பத்தான் இவர் நடிக்கறார்."

டப்பிங்காரருக்கு வாழ்நாளில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்காது. ஆனால் மனுஷன் அழுதுவிடுவார் போல இருந்தார். டிரைவர் சாவியோடு மேஜையை நோக்கி நடந்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி," என்றார் அண்ணி என்னிடம், "உங்ககிட்ட என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"உங்ககிட்ட ஒளிச்சுப் பேச விரும்பல," என்று ஆரம்பித்தேன்.

டிரைவரின் கால் நின்றது.

"உங்க மூளைக்கும் கைக்கும் நடுவுல ஒரு தாமதம் இருக்கு."

"சாதாரண நாள்ல தெரியாது," என்றார் டிரைவர், திரும்பாமலே.

"ஒரு உயிர் உங்க கையில இருக்கற நாள்லதான் தெரியும்," என்று முடித்தார் டப்பிங்காரர் அந்தக் குரலில்.

டிரைவர் திரும்பி வந்து என் முகத்துக்கு நேரே நின்றார். "உங்களுக்கு எப்ப சொன்னார்?"

"இன்னிக்கு மத்தியானம். பேசறதுக்கு முன்னாடி கண்ணாடியைத் துடைச்சார்."

"எதால?"

"சட்டை நுனியால. அப்புறம் பெருமூச்சு. ரெண்டு."

"ரெண்டாவது பெருமூச்சு எழுதிக் குடுத்ததுல கிடையாது சார்," என்றார் டப்பிங்காரர் தலைகுனிந்து. "நானாச் சேர்த்துக்கிட்டேன். இருக்கட்டும்னு எல்லாருக்கும் விட்டேன்."

"நீங்க நம்பினீங்களா?" என்று டிரைவர் என்னைக் கேட்டார்.

"எங்க அண்ணன் பொண்ணை நாளையிலேர்ந்து கார்ல ஏத்த மாட்டேன்னு முடிவே பண்ணிட்டேன் சார்."

அவர் வண்டியின் பின்படியில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள்.

"நேத்து ஒரு குழந்தைக்குக் கூப்பிட்டாங்க," என்றார் அவளிடம். "வண்டி வாசல்ல நிக்குது. நான் வேற ஆளைப் போகச் சொன்னேன். நான் போனா தாமதமாயிடுமேன்னு. குழந்தை நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் போகலையே."

கிளிப்போர்டு அவர் எதிரே வந்து நின்றாள். "என்னை நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன் சார்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலும் தப்பில்லை.

"என்னை மாதிரி பாதியில எழுந்து போனவங்க வேற யாராவது உண்டா?"

கிளிப்போர்டின் முகம் வெளுத்தது. "ஒருத்தங்க. ஒரு பொண்ணு. பேரை அழிச்சிட்டேன். என் வயசுதான் இருக்கும். தலை ஈரமா வந்தாங்க, துடைச்சுக்கத் துண்டு குடுத்தேன். கழுத்துல ஒரு விசில் தொங்கிச்சு. வேற எதுவும் தெரியாது."

"டிராபிக் போலீஸ் குளிச்சுட்டு வந்திருக்காங்க," என்று வாய் தவறி வந்துவிட்டது.

"நீச்சல் குளத்துல காவல் வேலை," என்றார் அண்ணியும் டிரைவரும் ஒரே குரலில்.

குளக்கரையில் விசிலோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், தண்ணீரில் குதித்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்பது அங்கிருந்தவர்களில் ஒருவருக்கு நன்றாகவே தெரியும். அந்த ஒருவர் எழுந்தார்.

"ஊர்ல மூணு குளம் இருக்கு. எல்லா இடத்துக்கும் வண்டி கொண்டு போயிருக்கேன்."

பொறுப்பாளர் மேஜையிலிருந்து, "சாவி?" என்றார் நப்பாசையோடு.

டிரைவர் ஆம்புலன்ஸ் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ராத்திரி ஷிப்டுக்கு இன்னொரு சாவி இருக்கே. காலையில வர்றேன். என் பேரை ஷிப்ட்ல போட்டு வைங்க." பிறகு என்னிடம் கை நீட்டினார். "உங்க கார் சாவியைக் குடுங்க தம்பி. இதுக்கு ஆம்புலன்ஸை எடுக்கக் கூடாது."

கொடுத்தேன். அண்ணி முன்சீட்டில் ஏறினார். பின்சீட்டில் எனக்கு ஒரு பக்கம் டப்பிங்காரர், மறுபக்கம் கிளிப்போர்டு.

"அவங்களும் நம்பலேன்னா என்ன சார் பண்றது?" என்று கிளிப்போர்டு கேட்டாள். "நாங்க என்ன சொன்னாலும் தேத்தறதுக்குச் சொல்றோம்னுதானே நினைப்பாங்க?"

"நீங்க சொன்னா நம்ப மாட்டாம்மா," என்றார் டிரைவர். "நான் சொல்றேன்."

கார் புறப்பட்டுவிட்டது.